அப்பாவுக்கு 46 வயது: பிறக்கப்போகும் குழந்தைக்கு இதனால் ஏதாவது ஆகுமா?

பட்டறைக்காரன் · ஞாயிறு, இரவு 10:52

வணக்கம். இரண்டு வருடமாக இங்கே படிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை.

ஊர் கரூர். பஸ் பாடி கட்டும் பட்டறையில் வேலை. எனக்கு 46, வீட்டில் அவளுக்கு 34. தங்கச்சிகள் இருவரையும் கட்டிக்கொடுத்து, வீட்டுக் கடனையும் அடைத்து நிமிர்ந்தபோது எனக்கு 40 தாண்டிவிட்டது. வெளியில் பெண் தேடித் தேடி அலுத்து, கடைசியில் சொந்தத்திலேயே அமைந்தது. கல்யாணமாகி ஒன்றரை வருடம். இன்னும் விசேஷம் எதுவும் இல்லை.

போன வாரம் ஒரு வளைகாப்புப் பந்தியில் பக்கத்து இலைக்காரர், தூரத்து உறவு, சத்தமாகவே சொன்னார்: "இந்த வயசுல பெத்தா புள்ள மந்தமாப் பொறக்கும்டா மாப்ள, டிவியில சொன்னான்." ரசம் ஊற்ற வந்த பையன்கூட ஒரு நொடி நின்று என்னைப் பார்த்துவிட்டுப் போனான்.

டாக்டரிடம் போனோம். அவளுக்கு ஒரு முழம் நீளத்துக்கு டெஸ்ட் எழுதினார்கள். எனக்கு விந்தணு எண்ணிக்கை மட்டும் பார்த்து "நார்மல்" என்றார்கள். என் வயதைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. பந்திக்காரர் சொன்னதில் ஏதாவது உண்மை உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வாழைத்தோப்பு · இரவு 11:10

அட விடுங்க தம்பி. எங்கள் தாத்தாவுக்கு 58 வயதில் பிறந்தவர் எங்கள் சின்னச் சித்தப்பா. இப்போது அவருக்கு 71. போன மாதம்கூடத் தென்னை மரம் ஏறினார், நாங்கள்தான் கீழே நின்று கத்தினோம். சார்லி சாப்ளினுக்குக் கடைசிப் பையன் பிறந்தபோது வயது 73. ஆம்பளைக்கு ஏது வயசு?

எண்சுவடி · இரவு 11:26

வாழைத்தோப்பு ஐயா, மரம் ஏறும் சித்தப்பா கணக்கில் வந்துவிட்டார். அந்தக் காலத்தில் பிறந்து ஒரு வயதுக்குள் போன பிள்ளைகள் எந்தக் கணக்கில் வருவார்கள்? உங்கள் பாட்டி எத்தனை பெற்றார், எத்தனை தங்கியது என்று யாராவது உயிரோடு இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

வாழைத்தோப்பு · இரவு 11:31

பதினொன்றில் ஏழு. சரி, கேட்டது தப்பில்லை.

ஜீன்அக்கா · திங்கள், காலை 6:40

மரபணு ஆலோசனைதான் என் தொழில். கொஞ்சம் நீளமாகப் போகும், காபி வைத்துக்கொண்டு படியுங்கள்.

பந்தியில் பேசியவர் சொன்னது முழுக்கக் கட்டுக்கதை இல்லை. ஆனால் "மந்தமாப் பொறக்கும்" என்று அடித்துச் சொல்கிற அளவுக்கும் அதில் சரக்கு இல்லை.

பெண் குழந்தை பிறக்கும்போதே அவளுக்கான கருமுட்டைகள் எல்லாம் உள்ளே இருக்கும், பிறகு புதிதாக உண்டாவதில்லை. ஆணுக்கு வேறு கதை. வயதுக்கு வந்ததிலிருந்து விந்தணுவைத் தரும் தாய்ச்செல்கள் ஏறக்குறைய 16 நாளுக்கு ஒருமுறை பிரிந்துகொண்டே இருக்கும், வருடத்துக்கு 23 தடவை. 20 வயதுக்காரரின் விந்தணு சுமார் 150 பிரிதல்களைக் கடந்து வந்தது என்றால், 40 வயதுக்காரருடையது 600ஐத் தாண்டி வந்திருக்கும். ஒவ்வொரு தடவையும் மரபணுத் தொகுப்பை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை நகல் எடுத்தாக வேண்டும். 300 கோடி எழுத்து. பிழை விழாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

அந்தப் பிழைகளை எண்ணியே பார்த்துவிட்டார்கள். ஐஸ்லாந்தில் 78 குடும்பங்களில் அப்பா, அம்மா, பிள்ளை மூவரின் மரபணுத் தொகுப்பையும் முழுதாகப் படித்து, பெற்றவர் இருவரிடமும் இல்லாமல் பிள்ளையிடம் மட்டும் இருக்கும் எழுத்துகளைத் தேடினார்கள். 2012இல் வெளிவந்த கணக்கு அது. 20 வயது அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வருவது சுமார் 25 புதுப் பிழைகள், 40 வயது அப்பாவிடமிருந்து சுமார் 65. அம்மாவிடமிருந்து 15 போல. 2017இல் அதே நாட்டில் 1,548 குடும்பங்களில் பார்த்தபோது இன்னும் துல்லியமாகத் தெரிந்தது: அப்பாவின் வயது ஒன்று கூடினால் ஒன்றரைப் பிழை கூடுகிறது. அம்மாவின் வயதும் சும்மா இல்லை, அதில் நாலில் ஒரு பங்கு வேகத்தில் அதுவும் கூட்டுகிறது.

65 பிழையா என்று பதற வேண்டாம். புரதம் செய்யச் சொல்லும் பகுதி நம் மரபணுத் தொகுப்பில் 100க்கு ஒன்றரைதான். மற்றப் பிழைகளில் பெரும்பாலானவை எங்கேயோ ஒரு மூலையில் விழுந்து சத்தமில்லாமல் கிடக்கும். உங்களிடமும் இருக்கிறது, என்னிடமும் இருக்கிறது.

இந்தச் சந்தேகம் நேற்று முளைத்ததும் இல்லை. ஜெர்மனியில் வெயின்பெர்க் என்ற டாக்டர் 1912இலேயே ஒன்றைக் கவனித்தார். கைகால் குட்டையாகப் பிறக்கும் அகோண்ட்ரோபிளேசியா என்கிற நிலை, வீட்டின் கடைசிப் பிள்ளைகளிடம் அதிகமாகத் தெரிந்தது. கடைசிப் பிள்ளை என்றால் அம்மாவுக்கும் வயதாகியிருக்கும், அப்பாவுக்கும் வயதாகியிருக்கும். இதில் யாருடைய வயது காரணம் என்று பிரித்துக் காட்ட 1955இல் லண்டனில் பென்ரோஸ் வர வேண்டியிருந்தது. அப்பாவுடையது.

சுவடிப்பித்தன் · காலை 9:15

அக்கா எழுதியதைப் படித்ததும் என் மேஜையில் கிடக்கும் ஏட்டுக்கட்டு நினைவுக்கு வந்தது. ஓலைச்சுவடிகளுக்கு அட்டவணை போடுகிற வேலை எனக்கு. ஓலை பூச்சி அரித்து உதிர்வதற்குள் இன்னொருவர் பார்த்து எழுதிவைப்பார், அதைப் பார்த்து இன்னொருவர். பழைய ஏட்டில் மெய்க்குப் புள்ளி கிடையாது. ரகரமும் காலும் ஒரே மாதிரி இருக்கும். எழுதுகிறவர் ஓரிடத்தில் கண் அசந்தால் போதும், அதற்குப் பிறகு வரும் பிரதிகள் எல்லாம் அந்தப் பிழையைப் பயபக்தியோடு சுமக்கும். நாங்கள் அதற்குப் பாடபேதம் என்று கௌரவமாகப் பெயர் வைத்துக்கொள்வோம்.

அப்படியானால் அம்மா தருவது அதிகம் பிரதியெடுக்காமல் பரணில் கிடந்த ஏடு, அப்பா தருவது 600ஆவது பிரதி. சரிதானா?

ஜீன்அக்கா · காலை 9:50

அருமை, இனி வருகிறவர்களிடம் இதையே சொல்லப்போகிறேன். பரணில் கிடக்கும் ஏட்டையும் பூச்சி அரிக்கும் என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அம்மாவின் வயதால் வருவது பெரும்பாலும் அந்த வகை: ஓர் ஓலையே, அதாவது ஒரு குரோமோசோமே, கூடுதலாகச் சேர்ந்துவிடும், இல்லை விட்டுப்போகும். டவுன் சிண்ட்ரோம் அப்படித்தான் வருகிறது. 35 வயது அம்மாவுக்குச் சுமார் 350இல் ஒன்று, 40இல் சுமார் 100இல் ஒன்று. முழு ஓலை என்பதால் சோதனையில் பிடித்துவிடலாம். அப்பாவின் பிழை ஒற்றை எழுத்து. எந்த ஓலையில் எந்த வரியில் என்று தெரியாமல் தேட முடியாது. டாக்டர்கள் உங்கள் வயதைக் கேட்காததற்கு இதுவும் ஒரு காரணம். மற்ற காரணம் பழக்கம். பிள்ளை விஷயமென்றால் பெண்ணைத்தான் கேட்டுப் பழகியிருக்கிறோம்.

உங்கள் உவமை ஒரே ஓர் இடத்தில் மட்டும் பொருந்தாது. ஏட்டில் தப்பாக எழுதிய பிரதியை யாரும் தேடிப்போய் அதிகமாக நகலெடுக்க மாட்டார்கள். ஆணின் விதைக்குள் அது நடக்கிறது. எஃப்ஜிஎஃப்ஆர்2, எஃப்ஜிஎஃப்ஆர்3 என்று இரண்டு மரபணுக்கள். அவற்றில் சில குறிப்பிட்ட எழுத்துகள் மாறினால், அந்தத் தாய்ச்செல் பக்கத்துச் செல்களைவிட வேகமாகப் பெருகும். களை மாதிரி. வருடம் ஏற ஏற அந்தக் களை பிடித்த இடம் அகலமாகிக்கொண்டே போகும். ஆக்ஸ்ஃபோர்டில் ஆன் கோரியலியும் ஆண்ட்ரூ வில்கியும் 2003இல் இதை எழுதினார்கள். செல்லுக்கு அது லாபம், அந்த விந்தணுவிலிருந்து பிறக்கும் பிள்ளைக்கு, மண்டையோட்டு எலும்புகளும் விரல்களும் ஒட்டிப் பிறக்கும் ஏபர்ட் சிண்ட்ரோமோ, அகோண்ட்ரோபிளேசியாவோ.

மீனு · பிற்பகல் 2:20

இந்த இழையில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எஃப்ஜிஎஃப்ஆர்3 என்ற எழுத்தைப் பார்த்ததும் கை நிற்கவில்லை.

என் மகனுக்கு அதுதான், அகோண்ட்ரோபிளேசியா. அவன் பிறந்தபோது எனக்கு 31, அவருக்கு 43. மதுரை. 20ஆவது வார ஸ்கேனில் எல்லாம் சரி என்று சொன்னார்கள். 32ஆவது வாரத்தில் தொடை எலும்பு நீளம் குறைவு என்று எழுதி, அந்த இடத்தைப் பேனாவால் இரண்டு முறை சுழித்துக் கொடுத்தார்கள். பிறந்த பிறகு ரத்தப் பரிசோதனையில் உறுதியானது.

மாமியார் கேட்ட முதல் கேள்வி, "கிரகணத்தன்னிக்கு அரிவாமனை எடுத்தியா?" அடுத்தது, "முட்டிபோட்டு வீடு துடைக்காதேன்னு சொன்னேனே." ஒரு மாதம் முழுக்க நான் அந்தக் கிரகண நாளை நிமிடம் நிமிடமாக யோசித்துக்கொண்டிருந்தேன். நிஜமாகவே அன்றைக்கு ஒரு வெண்டைக்காய் நறுக்கியிருக்கிறேன்.

பிறகு மரபணு மருத்துவர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார்: உங்கள் இருவர் ரத்தத்திலும் இது இல்லை, புதிதாக வந்தது, இந்த ஓர் எழுத்து மாற்றம் அநேகமாக எப்போதும் அப்பாவின் விந்தணுவில்தான் நடக்கும், யாரும் எதுவும் செய்து வந்ததில்லை. இந்தக் குழந்தைகளில் ஐந்தில் நான்கு பேர் சாதாரண உயரமுள்ள பெற்றோருக்குத்தான் பிறக்கிறார்களாம். மாட்டுத்தாவணியிலிருந்து வீடு வரைக்கும் அவர் பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை. இரவு சாப்பிட உட்கார்ந்தபோது அவர் அம்மாவிடம், "கிரகணமும் இல்ல ஒண்ணும் இல்ல, என்கிட்டயிருந்து வந்தது" என்றார். மாமியார் நம்பவில்லை, இன்றைக்கும் நம்பவில்லை. ஆனால் அதற்குப் பிறகு என்னைக் கேட்பதில்லை.

பட்டறைக்காரன் அண்ணா, உங்களைப் பயமுறுத்த எழுதவில்லை. என் பையன் ஒன்றாம் வகுப்பு படிக்கிறான், வாய் ஏழு ஊருக்குப் போகும். முதல் இரண்டு வருடம் தலைச் சுற்றளவு அளப்பதும், தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா என்று பார்ப்பதுமாக ஓடியது. 2016ஆம் வருடச் சட்டத்தின் 21 வகைகளில் உயரக் குறைவும் ஒன்று என்பதால் மாற்றுத்திறனாளி அட்டை வாங்கிவிட்டோம். இப்போதைக்கு எங்கள் பெரிய பிரச்சினை பள்ளிக்கூடத்துக் குழாய். அவனுக்கு எட்டவில்லை. ஆசாரியிடம் சொல்லி ஒரு ஸ்டூல் செய்துகொடுத்தோம். அவர் பாசத்தில் தேக்கில் செய்துவிட்டார். வகுப்பிலிருந்து குழாய்க்கு அதைத் தூக்கிப் போவதற்குள் மணி அடித்துவிடுகிறது.

வாழைத்தோப்பு · பிற்பகல் 3:05

மீனு அம்மா, படித்தேன். "ஆம்பளைக்கு ஏது வயசு" என்று எழுதியதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

நிர்வாகி · மாலை 4:12

ஒரு பதிவு நீக்கப்பட்டது. கைபேசி எண் போட்டு லேகியம் விற்க இது இடமில்லை. "60 வயதிலும் சிங்கக்குட்டி" என்ற தலைப்பு வேறு.

ஜீன்அக்கா · மாலை 5:30

லேகியக்காரர் போய்விட்டாலும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தம்பதிகளில் ஆண்களுக்கு ஃபோலிக் அமிலமும் துத்தநாகமும் ஆறு மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். 2020இல் முடிவு வந்தது. விந்தணுவின் தரமும் கூடவில்லை, பிறந்த குழந்தைகளின் எண்ணிக்கையும் கூடவில்லை. பீடி சிகரெட்டை நிறுத்துவது, எடையைக் குறைப்பது, சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது இவையெல்லாம் விந்தணுவுக்கு நல்லதுதான். ஒரு விந்தணு உருவாகி வெளியே வர இரண்டரை மாதம் ஆகும், அதனால் மூன்று மாதம் முன்பே தொடங்க வேண்டும். ஆனால் தாய்ச்செல்லில் 30 வருடமாகச் சேர்ந்த பிழையை எந்த மாத்திரையும் அழிக்காது.

எண்சுவடி · இரவு 9:45

கேட்டவருக்கு இன்னும் எண் போய்ச் சேரவில்லை என்று நினைக்கிறேன். தரவுகளோடு மாரடிப்பது என் பிழைப்பு, அதனால் என் பங்கு.

செய்தியில் "இரண்டு மடங்கு", "மூன்று மடங்கு" என்று வந்தால் உடனே கேட்க வேண்டியது: எதன் மடங்கு? அகோண்ட்ரோபிளேசியா ஏறக்குறைய 25,000 பிறப்பில் ஒன்று. வயதான அப்பாவுக்கு அது சில மடங்கு ஏறினாலும் ஆயிரங்களில் ஒன்றாகத்தான் இருக்கும். இந்த மாதிரிப் புதுப் பிழையால் வரும் நோய்கள் எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டி 1981இல் ஒரு கணக்கு போட்டார்கள். 40 தாண்டிய அப்பாக்களின் பிள்ளைகளில் 1,000க்கு 3 முதல் 5. எந்த வயது அப்பாவானாலும் 100 குழந்தைகளில் 2, 3 பேர் ஏதோ ஒரு பிறவிக் குறையோடு பிறக்கிறார்கள் என்பதோடு இதை வைத்துப் பாருங்கள்.

ஆட்டிசத்துக்கு வருவோம். ஐந்து நாடுகளில் 57 லட்சம் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வில், இருபதுகளில் உள்ள அப்பாக்களோடு ஒப்பிட்டால் நாற்பதுகளில் 28 சதவீதம் அதிகம், 50க்கு மேல் 66 சதவீதம் அதிகம். ஒரு பேச்சுக்கு 100 பிள்ளைகளில் ஒருவர் என்று வைத்துக்கொண்டால், 46 வயதுக்காரருக்கு அது ஒன்றேகால் ஆகிறது. மீதி 98 முக்கால். மனச்சிதைவு நோய்க்கு ஜெருசலேமில் பிறந்தவர்களை வைத்து 2001இல் வந்த ஆய்வு, 25 வயதுக்குட்பட்ட அப்பாவோடு ஒப்பிட்டு, 50 தாண்டிய அப்பாவுக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு என்றது. அமெரிக்காவில் 4 கோடிப் பிறப்புகளைப் பார்த்த 2018 ஆய்வில் 45 தாண்டிய அப்பாக்களுக்குக் குறைப்பிரசவ வாய்ப்பு 14 சதவீதம் கூடுதல்.

இனி சண்டை நடக்கும் இடம். வாழைத்தோப்பு ஐயாவின் தாத்தாவுக்கு இங்கே வேலை இருக்கிறது. அவர் 58இல் பெற்றது பதினொன்றாவது. பட்டறைக்காரன் சார் பெறப்போவது முதலாவது. இரண்டும் ஒன்றா? டென்மார்க்கில் 2011இல் இதைத்தான் கேட்டார்கள். மனச்சிதைவு விஷயத்தில், அந்தப் பிள்ளை பிறந்தபோது அப்பாவுக்கு என்ன வயது என்பதைவிட, முதல் பிள்ளை பிறந்தபோது என்ன வயது என்பதுதான் பொருந்தி வந்தது. அப்படியென்றால் விந்தணுப் பிழை மட்டும் காரணமாக இருக்க முடியாது. யாரோடும் ஒட்டாமல், கல்யாணம் தள்ளிப்போகிற சுபாவம் சிலருக்கு இருக்கும், அந்தச் சுபாவத்தின் ஒரு துளி பிள்ளைக்கும் போயிருக்கலாம். 2016இல் வந்த இன்னொரு கணக்கும் புதுப் பிழைகளால் விளக்க முடிவது இந்த ஆபத்தில் சிறு பகுதியைத்தான் என்றது.

ஸ்வீடனில் 26 லட்சம் பேரை வைத்து, ஒரே வீட்டு அண்ணன் தம்பிகளையே ஒப்பிட்ட 2014 ஆய்வோ நேர் எதிராகப் பேசுகிறது. 45 தாண்டிப் பிறந்த தம்பிக்கு ஆட்டிசம் மூன்று மடங்குக்கும் மேல், கவனக்குறைவுக் கோளாறு 13 மடங்கு. என்னைக் கேட்டால் அந்த 13ஐ நான் அப்படியே விழுங்க மாட்டேன். அண்ணன் பிறந்த காலத்தில் அந்தக் கோளாறைக் கண்டுபிடிக்கிறவர்களே குறைவு. ஆனால் எங்களுக்குள் இந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

சார், உங்கள் கல்யாணம் தள்ளிப்போனது தங்கச்சிகளுக்காக. டென்மார்க் கணக்கு உங்களைப் பார்த்துப் போட்டதில்லை.

கடைக்குட்டி · செவ்வாய், காலை 7:05

எல்லோரும் விந்தணுவைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் அந்தப் பிள்ளை. என் அப்பாவுக்கு 51 வயதில் பிறந்தவள். உடம்பில் ஒரு குறையும் இல்லை, மூக்குக் கண்ணாடியைத் தவிர.

நான் இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது அப்பா ரிட்டையர் ஆனார். பள்ளிக்கூட வாசலில் வாட்ச்மேன் தினமும், "பாப்பா, தாத்தா வந்துட்டாரு" என்று கூப்பிடுவார். அப்பா ஒருநாளும் திருத்தியதில்லை. சைக்கிளில் ஏறி உட்கார்ந்ததும், "தாத்தா வந்தாச்சு, போலாமா?" என்று அவரே கிண்டல் செய்வார். மற்றப் பிள்ளைகளின் அப்பாக்கள் ஷிப்டுக்குப் போனபோது என் அப்பா என் தலையைப் பின்னிவிட்டார், கோணல் மாணலாக. அந்த நேரம் எனக்குக் கிடைத்தது, அதை மறுக்க மாட்டேன்.

பிளஸ் டூ பரீட்சை வாரத்தில் அவருக்குக் கண்புரை ஆபரேஷன். கல்லூரி மூன்றாம் வருடம் முழங்கால். என் வயதுத் தோழிகள் முதல் சம்பளத்தில் வண்டி வாங்கினார்கள், நான் அவருக்கு இதய மாத்திரை வாங்கினேன். என் கல்யாணத்துக்கு அவர் இல்லை. 24 வயதில் அப்பா இல்லாமல் போவது எந்த ஆய்வில் எத்தனை சதவீதம் என்று எனக்குத் தெரியாது.

அண்ணா, டெஸ்ட் எடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. அதோடு ஒரு டேர்ம் இன்சூரன்ஸும் எடுங்கள், பிரஷர் சர்க்கரை வருடத்துக்கு ஒருமுறை பாருங்கள். குழந்தைக்கு 20 ஆகும்போது உங்களுக்கு 67.

சுவடிப்பித்தன் · காலை 8:30

கடைக்குட்டி, கோணல் பின்னல் படம் இருந்தால் போடுங்கள்.

பட்டறைக்காரன் · செவ்வாய், இரவு 10:15

எல்லோருக்கும் நன்றி. மீனு அம்மா எழுதியதை அவளுக்குப் படித்துக்காட்டினேன். கடைக்குட்டி எழுதியதைப் படித்துக்காட்டவில்லை, நான் மட்டும் இரண்டு தடவை படித்தேன்.

ஒரு கேள்வி. என் ரத்தத்தை எடுத்துப் பார்த்து இந்தப் பிழை இருக்கிறதா இல்லையா என்று முன்கூட்டியே சொல்ல முடியாதா? டெஸ்ட் ட்யூப் முறைக்குப் போனால் தப்பிக்கலாமா?

ஜீன்அக்கா · இரவு 10:50

முடியாது. அந்தப் பிழை உங்கள் ரத்தத்தில் இருக்காது, கோடிக்கணக்கான விந்தணுக்களில் ஏதோ ஒன்றில் இருக்கும். எண்ணிக்கை நார்மல் என்ற ரிப்போர்ட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, அது ஆள் எத்தனை என்று சொல்லும், யார் கையில் என்ன ஏடு என்று சொல்லாது. டெஸ்ட் ட்யூப் முறையிலும் உங்கள் அதே விந்தணுதான். 2021 சட்டப்படி அந்தச் சிகிச்சைக்கு ஆணுக்கு வயது வரம்பு 55, பெண்ணுக்கு 50. ஆக உங்களுக்குக் கதவு திறந்துதான் இருக்கிறது. ஆனால் அந்தக் கதவு பிழையை வடிகட்டும் சல்லடை இல்லை.

கரு தங்கிய பிறகு 11 முதல் 13 வாரத்துக்குள் ஒரு ஸ்கேன், 18 முதல் 20 வாரத்துக்குள் உறுப்பு ஸ்கேன், வேண்டுமானால் அம்மாவின் ரத்தத்திலிருந்து குரோமோசோம் சோதனை. இவை எல்லோருக்கும் சொல்வதுதான். மீனு சொன்ன மாதிரி எலும்புக் குட்டை 20 வாரத்தில் தெரியாது. அப்பாவின் வயது கூடுதல் என்று சொன்னால் ஏழாவது எட்டாவது மாதத்தில் எலும்பு நீளத்தை இன்னொரு முறை அளப்பார்கள். சொல்லுங்கள், அவர்களாகக் கேட்க மாட்டார்கள்.

இப்போது என் கேள்வி. முதல் பதிவில் "சொந்தத்திலேயே அமைந்தது" என்று எழுதியிருந்தீர்கள். எந்தச் சொந்தம்?

பட்டறைக்காரன் · இரவு 10:58

அக்கா மகள்தான். மூத்த அக்கா. ஏன் மேடம்?

ஜீன்அக்கா · இரவு 11:35

இரண்டு நாளாக நாம் எல்லோரும் உங்கள் வயதையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தோம். நானும்தான், முதலில் கேட்டிருக்க வேண்டியதை விட்டுவிட்டேன்.

ஒவ்வொருவரும் சில கெட்டுப்போன மரபணுக்களைச் சத்தமில்லாமல் சுமக்கிறோம். அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று எல்லாமே ஜோடியாக வருவதால் ஒன்று கெட்டாலும் இன்னொன்று தாங்கிவிடும். கணவனும் மனைவியும் ஒரே முன்னோரிடமிருந்து அதே கெட்ட மரபணுவை வாங்கியிருந்தால், பிள்ளைக்கு ஜோடியில் இரண்டுமே கெட்டது வரலாம். மாமன் மகள், அத்தை மகன் கல்யாணத்தில் பிள்ளையின் மரபணு இடங்களில் பதினாறில் ஒன்று இப்படி இரண்டு பக்கமும் ஒன்றாக அமையும். தாய்மாமன், அக்கா மகள் கல்யாணத்தில் எட்டில் ஒன்று.

இங்கிலாந்தில் பிராட்ஃபோர்டு ஊரில் பிறந்த குழந்தைகளைப் பார்த்து 2013இல் எழுதினார்கள். பெற்றோர் சொந்தமில்லை என்றால் பிறவிக் குறை 100க்கு 3, அப்பா அம்மா இருவரும் உடன்பிறந்தவர்களின் பிள்ளைகள் என்றால் 6. எண்சுவடி தம்பி மேலே கொடுத்த 1,000க்கு 3, 5 என்ற கணக்கோடு இதை வைத்துப் பாருங்கள். உங்கள் விஷயத்தில் வயதைவிடச் சொந்தம்தான் கனமானது.

இதில் ஒரு நல்ல சேதி இருக்கிறது. வயதால் வரும் பிழையை முன்கூட்டித் தேட முடியாது. இதைத் தேடலாம். கரு தங்குவதற்கு முன்பே இருவர் ரத்தத்தையும் எடுத்து, ஒரே மரபணு இருவரிடமும் கெட்டிருக்கிறதா என்று நூற்றுக்கணக்கான நோய்களுக்குப் பார்க்கலாம். எல்லாவற்றையும் பிடித்துவிடும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் பெரிய மீன்கள் சிக்கும். ஒரு மரபணு ஆலோசகரைப் பாருங்கள். போவதற்கு முன் இரண்டு பக்கத்திலும் சின்ன வயதில் இறந்த பிள்ளைகள், காது கேளாதவர்கள், நடக்காதவர்கள் யார் யார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள்.

வாழைத்தோப்பு · புதன், காலை 6:20

இது என்னம்மா புதுக்கதை? தாய்மாமன் உறவு இல்லாத வீடு நம் பக்கத்தில் எது? எங்கள் பாட்டியும் தாத்தாவுக்கு அக்கா மகள்தான்.

எண்சுவடி · காலை 6:48

ஐயா, பதினொன்றில் ஏழு என்றீர்களே.

வாழைத்தோப்பு · காலை 7:30

…

அந்தக் காலத்தில் காலரா, அம்மை எல்லாம் இருந்தது தம்பி. ஆனாலும் யோசிக்கிறேன்.

எண்சுவடி · காலை 7:41

அதுவும் நியாயம்தான் ஐயா, நான் கொஞ்சம் அவசரப்பட்டேன். காலராவுக்கு எத்தனை, இதற்கு எத்தனை என்று இப்போது பிரிக்க முடியாது.

பட்டறைக்காரன் · மூன்று வாரம் கழித்து, சனி, இரவு 9:20

போய்விட்டு வந்தோம். கோயம்புத்தூர். ஆலோசகர் சின்னப் பெண்தான், எங்கள் பட்டறையில் வெல்டிங் படிக்க வரும் பையன்கள் வயது இருக்கும். என் வயதைப் பற்றி ஐந்து நிமிடம், ஜீன்அக்கா சொன்னதையே சொன்னார். மீதி ஒரு மணி நேரம் வம்ச வரைபடம். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். எனக்கும் அவளுக்கும் நடுவில் மட்டும் இரண்டு கோடு இழுத்தார். "மத்தவங்களுக்கெல்லாம் ஒத்தக் கோடு, எங்களுக்கு மட்டும் ஏன் ரெண்டு?" என்று இவள் கேட்டாள். சொந்தத்தில் கட்டினால் அப்படித்தான் போடுவார்களாம்.

போவதற்கு முன் அக்காவிடம் கேட்டபோதுதான் தெரிந்தது, எங்கள் அம்மாவுக்கு எனக்கு முன்னால் ஒரு பையன் பிறந்து எட்டு மாதத்தில் இறந்திருக்கிறான். கழுத்தே நிற்கவில்லையாம். 46 வருடத்தில் வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. அக்கா பெயரைக்கூட ஞாபகம் வைத்திருக்கிறாள். ஆலோசகர் அவனுக்கு ஒரு சின்னச் சதுரம் போட்டு, மேலே குறுக்குக் கோடு இழுத்தார்.

ரத்தம் கொடுத்தாயிற்று. நான்கு வாரம் ஆகுமாம். அதுவரை காத்திருக்கச் சொல்லியிருக்கிறார். டேர்ம் இன்சூரன்ஸ் போட்டுவிட்டேன், கடைக்குட்டிக்குத் தெரிவிக்கிறேன்.

மீனு அம்மா, அந்த ஸ்டூல் விஷயம். பட்டறையில் அலுமினிய செக்கர் தகடு துண்டு துண்டாக மீதி கிடக்கிறது. பஸ் படிக்கட்டுக்குப் போடுவது, ஈரக்கால் வைத்தாலும் வழுக்காது. மொத்தம் ஒன்றரைக் கிலோவுக்குள் முடித்துவிடலாம். கைப்பிடி வைத்து, ஓரமெல்லாம் மடக்கி, கையைக் கிழிக்காமல் செய்து தருகிறேன். உயரமும் அகலமும் மட்டும் தனிச் செய்தியில் அனுப்புங்கள்.

மீனு · ஞாயிறு, காலை 8:05

அண்ணா, உயரம் 9 அங்குலம் போதும், அகலம் ஓர் அடி. அளவு அனுப்பியிருக்கிறேன்.

பஸ் தகட்டில் செய்வது என்று சொன்னதிலிருந்து தூங்கவில்லை. பக்கவாட்டில் ரூட் நம்பர் எழுதித் தர முடியுமா என்று கேட்கிறான். 17ஆம் நம்பர் வேண்டுமாம். முன்பக்கம் ஒரு ஹாரன் வைக்க முடியுமா என்றும் கேட்டான், அதை நான் உங்களிடம் கேட்கவில்லை.